படிக்காமல் விட்ட நான்கு மெயில்கள்

கண்ணு,

கல்யாணம் முடிந்து நீ வண்டன்மேட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. போன வாரம் ஃபோனில் கேட்டாய்: “அம்மா, ஏலக்காயை நாங்களே உலர்த்தி, பேக் பண்ணி, வெளியூருக்கு அனுப்பலாம்னு இருக்கோம். கம்பெனிக்கு மெயில் எப்படி எடுக்கறது, கம்ப்யூட்டர்ல என்னென்ன வெச்சுக்கோணும், எல்லாத்தையும் எழுதி அனுப்பு. உனக்குத்தான் அனுபவம் இருக்குதே.” சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று முறை எழுத உட்கார்ந்து, மூன்று முறையும் இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். அந்த அனுபவம் எனக்கு எப்படி வந்தது என்பதை மறைத்துவிட்டு உனக்கு எதையும் எழுத முடியவில்லை. நீ கேட்டதும் இதில் இருக்கிறது, கேட்காததும் இருக்கிறது. முழுதாகப் படித்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. கஞ்சிக்கோட்டில் நம்மைப் போலச் சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் ஒட்டச் சொல்லி நானும் ஒரு நகல் கொடுக்கப் போகிறேன்.

உன் அப்பா இறந்தபோது உனக்கு ஒன்பது வயது. அதுவரை நல்லேப்பிள்ளியில் வயலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருந்த நான், அடுத்த மாதமே கஞ்சிக்கோட்டுப் பட்டறைக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இடுக்கி மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் உலர்த்தும் டிரையர் செய்து கொடுப்பதுதான் தொழில் என்பது தெரியும். மற்றது எதுவும் தெரியாது. ஆறேழு வருடம் கழித்து டிப்ளமா முடித்த கையோடு கதிரேசன் வந்து சேர்ந்தான். ஆர்டர்கள் மெயிலில் வரத் தொடங்கிய காலம் அது. அவன் தன் ஃபோனில், தன் பெயரோடு பட்டறையின் பெயரைச் சேர்த்து, இலவசமாக ஒரு மெயில் முகவரி உண்டாக்கினான். அதையே போர்டில் எழுதினோம், பில்லில் அச்சடித்தோம். எந்த டிரையரில் எந்த எண் போட்ட பர்னர், எந்த எண் போட்ட வால்வு, அது எந்தத் தோட்டத்துக்குப் போனது என்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலும் அவன்தான் போட்டு வைத்தான். சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பட்டறைக்கு வருவாய். உனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அண்ணா அண்ணா என்று அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பாய்.

அவன் என்னிடம் பலமுறை சொன்னான். “அக்கா, கம்பெனி பேர்ல ஒரு மெயில் எடுத்துக்கலாமுங்க. இது என்ற பேர்ல, என்ற போன்ல கெடக்குது. நாளைக்கு நா இல்லீன்னா என்ன பண்ணுவீங்க?”

“நீ எங்கடா போகப்போற?” என்று சிரித்தேன். இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குத் தண்டம் என்பது என் கணக்கு.

உனக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் கம்பெனிக்கென்று ஒரு டொமைன் பெயர், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற பெயர், வாங்கு. அதை உன் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ பதிவு செய். செய்து கொடுக்கிற ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பெயரில் பதிய விடாதே. வருடா வருடம் புதுப்பிக்கும் தேதியைச் சுவர் காலண்டரில் எழுதி வை. ஆர்டருக்கு ஒரு முகவரி, புகாருக்கும் பாதுகாப்புக்கும் ஒரு முகவரி என்று வேலையின் பெயரில் முகவரிகள் இருக்கட்டும். அந்த இரண்டிலும் வருவது குறைந்தது இரண்டு பேருக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் இன்னொருவர் கண்ணில் படும். தினமும் காலையில் அதைத் திறந்து, ஸ்பேம் பெட்டி உட்படப் பார்ப்பது இன்னாருடைய வேலை என்று பெயர் சொல்லி ஒப்படை. எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

கதிரேசன் ஏன் போனான் என்று நீ கேட்டபோது, கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றேன். அது பிறகு நடந்தது. நடந்த உண்மை வேறு. அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அன்றைக்குத்தான் ஒரு டிரையரை லாரியில் ஏற்ற வேண்டியிருந்தது. லீவு கேட்டு வந்து நின்றவனிடம், எல்லா ஆட்களும் கேட்க, “உங்கம்மாளுக்கு ரெண்டு நாள் கழிச்சுக் கண்ணு தெரிஞ்சாப் போதாதா?” என்று கேட்டேன். அவன் போய் டிரையரை ஏற்றினான். அந்த வாரம் முழுவதும் வேலை செய்தான். சனிக்கிழமை என் மேஜைக்கு வந்து ஒட்டிய கவர் ஒன்றை வைத்தான். “மெயில் விசயம் எல்லாம் இதுல எழுதியிருக்கறேனுங்க. ஒருக்காப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை. கவரைப் பிரிக்காமலே டிராயரில், பழைய டெஸ்ட் சான்றிதழ்களுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஓர் ஆள் வேலையை விட்டுப் போகும் நாள் ஒரு கம்பெனிக்கு எவ்வளவு முக்கியமான நாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. சண்டை போட்டுப் போகிற ஆளாக இருந்தாலும், அன்றைக்கு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையில் இருந்த ஒவ்வொரு கணக்கையும் உன் பெயருக்கு மாற்று. பாஸ்வேர்டு, மறந்தால் மீட்கும் ஃபோன் எண், சரிபார்க்கும் ரகசிய எண் யாருக்கு வருகிறது, எல்லாவற்றையும் அவர் கண் முன்னாலேயே மாற்றி, ஒருமுறை வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ப் பார். அது உனக்குப் பாதுகாப்பு. அவருக்கும் பாதுகாப்பு. நாளைக்கு எது நடந்தாலும் அவர் மேல் பழி விழாது. நான் அதைச் செய்திருந்தால் கதிரேசனின் வாழ்க்கை இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்த ஐப்பசி மழையில் இடி விழுந்து பட்டறைக் கம்ப்யூட்டர் கருகியது உனக்கு நினைவிருக்கும். பட்டியலுக்கு இன்னொரு நகல் இருக்கிறது என்று நான் தைரியமாக இருந்தேன். அந்த நகல் இருந்த ஹார்ட் டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே கிடந்தது. இரண்டும் ஒன்றாகப் போயின. அதற்கு முந்தைய வருடமே, “எல்லாத்தையும் கிளவுடுல ஒரு காப்பி போட்டு வெச்சுக்கலாம்மா” என்று நீ சொல்லியிருந்தாய். நம் பட்டறை விஷயத்தை ஊரில் யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டரில் எதற்கு வைக்க வேண்டும் என்று மறுத்தவள் நான். புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழைய மெயிலைத் திறக்கப் பார்த்தாய். அதுவரை பழைய கம்ப்யூட்டரில் திறந்தபடியே கிடந்ததால் பாஸ்வேர்டு நமக்குத் தெரியாது; மீட்கப் போனால் கதிரேசன் ஃபோனுக்குப் போகும் ரகசிய எண்ணைக் கேட்டது. “அண்ணனைக் கூப்பிட்டுக் கேக்கறேம்மா, ரெண்டு நிமிச வேலை” என்றாய். “அவன் கால்ல போயி விழுகோணுமா? புதுசா ஒண்ணு எடு” என்றேன். நீ என் பெயரில் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டுக் காலேஜுக்குப் போனாய். புது முகவரியைத் தெரிந்த தோட்டக்காரர்களுக்கெல்லாம் சொன்னேன். நமக்கு வால்வு அனுப்புகிற கம்பெனிக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அவர்களிடம் இருந்த ஃபோன் எண்ணும் நாம் எப்போதோ துண்டித்த பழைய லேண்ட்லைன்.

டிரையரில் தீ அணைந்துவிட்டால் கேஸ் வராமல் தானாக மூடிக்கொள்வதற்குத்தான் அந்த வால்வு. பிப்ரவரியில் அந்தக் கம்பெனி பழைய முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பியது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரையிலான வால்வுகள் சரியாக மூடாமல் போகலாம், உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள், மாற்று வால்வு இலவசமாக அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மார்ச்சில் ஒன்று. ஏப்ரலில் ஒன்று. மே மாதம், மிக அவசரம் என்ற தலைப்போடு நான்காவது. ஜூனில் ஒரு நாள் மத்தியானம், நீ இப்போது இருக்கும் வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்கிற, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், பச்சைக்காயைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்த செல்லத்தாயி என்ற பெண், கரண்ட் போய் வந்ததும் தீ அணைந்திருப்பதைப் பார்த்து, மறுபடி பற்றவைக்க பட்டனை அழுத்தினாள். அறை முழுக்கக் கேஸ் நிறைந்திருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

விபத்து நடந்த சாயங்காலம் வால்வு கம்பெனிக்கு ஃபோன் செய்தபோதுதான் மெயில் விஷயம் எனக்குத் தெரிந்தது. அதே வால்வு போட்ட டிரையர்கள் இன்னும் எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று சொல்ல நம்மிடம் பட்டியல் இல்லை. நீ காலேஜிலிருந்து ஓடி வந்தாய். கார்பன் பில்களைக் கொட்டி எடுத்து, எழுத்து மங்கியதை ஊகித்து, ஜீப் பிடித்து நான்கு நாள் மலையெல்லாம் அலைந்தோம். பதினோரு டிரையரையும் கண்டுபிடித்து நிறுத்தினோம். கடைசி டிரையர் இருந்த ஸ்டோருக்குள் நுழையும்போதே வாடை அடித்தது. நீ என்னைத் தாண்டி ஓடிப்போய் சிலிண்டரை மூடினாய். திரும்பி வரும் வழியில் என் தோளில் சாய்ந்து, “வேற யாராச்சும்னா இத்தன பாடுபட்டிருக்க மாட்டாங்கம்மா” என்றாய். அந்த வார்த்தையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகையால் இதையும் எழுதி வை. உங்கள் பேக்கெட்டில் போகிற ஒவ்வொரு லாட் எண்ணும் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்கிற பட்டியல் மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்று நீ வேலை செய்கிற கம்ப்யூட்டரில். ஒன்று கிளவுடில். இன்னொன்று, நகல் எடுத்தவுடன் கழற்றி வேறு வீட்டில் வைக்கிற டிஸ்க்கில். கம்ப்யூட்டரில் இருப்பது தானாகக் கிளவுடில் ஏறுகிறதே, அது போதும் என்று நினைக்காதே. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் தானாக அழியும். பழைய நிலையை எத்தனை நாள் வரை திரும்ப எடுக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றும் ஆகாதபோதே, நகலிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார். அப்படித் திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்லாதே. மழைக்காலத்தில் அங்கே கரண்டும் நெட்டும் நாள் கணக்கில் போகும். அவசரத்துக்குத் தேவையான பெயர்களையும் எண்களையும் மாதம் ஒருமுறை அச்சடித்து ஆணியில் மாட்டு. காசு கொடுக்காமல் யாரோ ஏற்றித் தரும் திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம். கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டால் நாளைக்கு என்று தள்ளாதே.

மீதியை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போலீஸ் என்னைக் கேட்டபோது, அந்த மெயில் முகவரி கதிரேசனிடம்தான் இருந்தது, சண்டை போட்டுப் போனவன் பாஸ்வேர்டு கொடுக்கவில்லை என்றேன். கவர் ஒன்று கொடுத்தானே என்பது அந்த நிமிடம் என் நினைவில் இல்லை. இது சத்தியம். அவனைக் கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து கூட்டி வந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். “கவர்ல எழுதி அக்கா கையில குடுத்தனுங்க” என்று அவன் சொன்னதாக எஸ்.ஐ. என்னிடம் ஃபோனில் கேட்டார். அப்போது நினைவு வந்தது. வந்த பிறகும், “அப்படி ஒண்ணும் குடுக்கலீங்க” என்றேன். ஃபோனை வைத்துவிட்டு டிராயரைத் திறந்தேன். கவர் நான் தள்ளிய இடத்திலேயே இருந்தது.

உள்ளே பாஸ்வேர்டு இருந்தது. ஃபோன் கையில் இல்லாவிட்டாலும் திறப்பதற்கு, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே பயன்படுகிற பத்து எண்களை அச்சடித்து வைத்திருந்தான். அடியில் கையால் எழுதியிருந்தான்: “அக்கா, என் ஃபோனிலிருந்து இந்த மெயிலை எடுத்துவிட்டேன். இனி நான் பார்ப்பது முறையில்லை. உங்கள் நம்பரை இதில் மாற்றிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்.” நான் முதல் எண்ணைப் போட்டேன். உடனே திறந்தது. நான்கு மெயில்களும் படிக்காததற்கு அடையாளமான தடித்த எழுத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. படித்தேன். மூடினேன். கவரை மடித்து என் பீரோவில் வைத்தேன். பட்டறை போய்விடும், நீ படிப்பை முடிக்க வேண்டும், எட்டுக் குடும்பம் நம்மை நம்பி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துவிட்டேன். போலீஸ் தேடி வந்த ஆள் என்று அவனுக்குக் கோயம்புத்தூர் வேலை போயிற்று. குரோதத்தில் மெயிலை மறைத்தவன் என்று ஊர் பேசியது. நீ அவனுக்கு அனுப்பிய மெசேஜை என்னிடம் காட்டினாய்: “உங்களை அண்ணான்னு கூப்பிட்டதுக்கு வெட்கப்படறேன்.” நான் அதைப் படித்துவிட்டு ஃபோனை உன்னிடமே கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது நடந்து இரண்டு வருடம். உனக்கு வண்டன்மேட்டில் வரன் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போன வாரம் நீ “அனுபவம்” என்று சொன்ன மறுநாள், சித்தூரில் கதிரேசன் வைத்திருக்கிற ஃபோன் ரிப்பேர் கடைக்குப் போனேன். யாருடைய ஃபோனையோ பிரித்து வைத்திருந்தான். நான் சொல்லி முடிக்கும் வரை ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை.

“கவரு எங்கீங்க இருந்துது?” என்றான்.

“டிராயர்லயேதான் இருந்துதுப்பா.”

“அம்மிணிக்குத் தெரியுமுங்களா?” என்றான். உன்னைத்தான் கேட்டான்.

“இன்னும் சொல்லல.”

“அம்மிணிக்குச் சொல்லிப்போட்டு எங்கிட்ட வந்திருக்கோணுமுங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினான். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நேற்று முன்தினம் பஸ் ஏறி உன் ஊருக்கே வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. செல்லத்தாயியின் கணவர் முருகையாவின் வீட்டுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு மிஷின் கோளாறு என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்களாம். மெயில் வந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“நாலு மாசத்துக்கு முந்தியே எழுதிட்டாங்களா?”

“ஆமாங்க.”

“ஒரு வாரமா என்னமோ வாடை வருதுன்னு எங்கிட்டச் சொன்னாம்மா. புது மிசினு அப்பிடித்தேன் இருக்கும், பேசாம வேலையப் பாருன்னு நாந்தேன் சொன்னேன். ரெண்டு வருசமா நாந்தேன் அவளக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். எம் மககிட்டக்கூடச் சொல்லல.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “இப்பப் போயிருங்கம்மா. போயிருங்க” என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். வேலையும் பட்டறையும் போகும் என்று பயந்து நான் மறைத்தேன். எனக்கு முகம் தெரியாத ஒரு மனிதர் அந்த இரண்டு வருடமும் என் குற்றத்தைத் தன் குற்றமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது உன் வீட்டு ஓடு தெரிந்தது. அந்த முகத்தோடு உன் வீட்டுப் படி ஏற முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த ஸ்டேஷனில் கவரைக் கொடுத்து, முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். வழக்கு வரும், கைதுகூட இருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். பட்டறையின் மெயிலும் பட்டியலும் நம் ஃபோர்மனிடமும் கணக்குப் பார்க்கிற பெண்ணிடமும் முறையாக மாற்றிக் கொடுத்துவிட்டேன். நான் இல்லாவிட்டாலும் திறக்கும். உன் மாமியார் வீட்டில் இதை எப்படிச் சொல்வதென்று உனக்குத் திகைப்பாக இருக்கும். இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு. உங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்க்க ஆள் தேடுவதாகச் சொன்னாய். கதிரேசனைக் கூப்பிடாதே. அவனுக்கு வேலை கொடுத்து நாம் நல்லவர்களாகிவிட வேண்டாம். மன்னிப்பு மட்டும் கேள். பதில் வராவிட்டால் மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். அன்றைக்குத்தான் உங்கள் ஸ்டோரில் முதல் காய் போடுகிறீர்கள் என்றாய். தீ பற்றவைக்கும் முன்னால் அந்த அறையில் வேலை செய்யப்போகிற பெண்கள் எல்லாரையும் கூப்பிடு. ஏதாவது வாடை வந்தால், சத்தம் மாறினால், யாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடு. அப்படி ஒருத்தி வந்து சொன்னால், கையில் இருக்கிற வேலை எதுவானாலும் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்.

அம்மா